இடது ஓரத்து ஆட்கள்

பதினாறு வருஷமாக நான் மற்றவர்களைப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எடுத்த படம் ஒன்றையும் பார்த்ததில்லை. நானுஓயா ஸ்டேஷனில் இறங்கும் வெளிநாட்டுக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவேன். வழியில் அருவி தெரிந்தால் நிறுத்துவேன். அவர்கள் போனை என் கையில் திணித்துவிட்டு அருவிக்கு முன்னால் போய் நிற்பார்கள். நான் அமுக்கிவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். தலையை வெட்டினேனா, காலை வெட்டினேனா என்று எனக்குத் தெரியாது. யாரும் திரும்பி வந்து குறை சொல்லாததால் நன்றாகத்தான் எடுத்திருக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்தப் பெருமைக்கு ஆப்பு வைத்தவர் உடப்புசல்லாவைப் பக்கத்துப் பெண் ஒருவர். நுவரெலியா டவுனில் வழிகாட்டி. சனிக்கிழமை காலைகளில் ஏழெட்டு வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் டவுனைச் சுற்றி நடப்பார். நடக்க நடக்க, ஊரைப் படம் எடுப்பது எப்படி என்று சொல்லிக் கொடுப்பார். ஆட்களை ஸ்டேஷனிலிருந்து ஏற்றி இறக்குவது என் வேன். அவருக்கு என்னைவிட இருபது வயது குறைவு. நேரில் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இருந்தாலும் எனக்குக் கற்றுக் கொடுத்தவர் என்பதால் இங்கே 'அவர்' என்றே எழுதுகிறேன்.

முதலில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றினால் வேனில் பத்து நிமிஷத்தில் முடிகிற டவுனை, காசு கொடுத்து மூன்று மணி நேரம் நடந்து பார்க்கிறார்களே என்று நினைத்தேன். போஸ்ட் ஆபீஸ் பக்கத்தில் வேனை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குவேன். ஒரு சனிக்கிழமை அவர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணே, இந்தக் குளிர்ல சும்மா ஒக்காந்து என்ன பண்றீங்க? வாங்க. ஒரு கமரா சும்மாதான் கெடக்கு."

அது ஏன் சும்மா கிடந்தது என்று கையில் வாங்கியதும் தெரிந்தது. பின்பக்கத் திரை செத்துப்போயிருந்தது. மேலே இருக்கிற சின்ன ஓட்டையில் கண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். எடுத்த படத்தை அங்கேயே பார்க்கவும் முடியாது. வெளிநாட்டுக்காரர் யாரும் அதைத் தொடமாட்டார்கள். எனக்கு அது தோதாகவே இருந்தது. எல்லோரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த ஓட்டையில் பார்க்க வேண்டும். எனக்கு அந்தச் சிரமம் இல்லை.

ஏன் என்றால், என் இடது கண் பத்து வயதிலேயே போய்விட்டது. கவ்வாத்து வெட்டிய மலையில், அதாவது தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்ட இடத்தில், ஓடிப் பிடித்து விளையாடி விழுந்தேன். குச்சி கண்ணில் குத்தியது. முழுக் குருடு இல்லை. அந்தக் கண்ணுக்கு பஸ் வந்தால் தெரியும், ஆள் வந்தால் தெரியாது. வலது கண் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். லைசன்ஸுக்குக் கண்ணைச் சோதித்தபோது வலது கண்ணை மூடச் சொன்னார்கள். மூடுகிற மாதிரி மூடி, விரலிடுக்கில் பார்த்து எழுத்துகளை வாசித்தேன். இது என் மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அன்று அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

நடக்க ஆரம்பித்த பிறகு எனக்கு அது பிடித்துவிட்டது. வேனுக்குள் இருந்தே பார்த்த டவுன் வேறு, இது வேறு. மார்க்கெட்டில் லீக்ஸ் கட்டுகளை அடுக்குகிறவரின் கை, குதிரைக்காரர் சேணத்தை இறுக்கும்போது குதிரை காதைத் திருப்புவது, செங்கல் சுவரில் காலை வெயில் ஏறுவது எல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டன. தங்கச்சி அதிகம் பேசமாட்டார். "வெளிச்சம் எங்கருந்து வருதுன்னு பாத்துட்டு நில்லுங்க" என்பார். நடந்து போகிறவரை எடுத்தால் அவருக்கு முன்னால் கொஞ்சம் ரோடு விட வேண்டும் என்பார். "இல்லாட்டி அவரு படத்துலயே முட்டிக்குவாரு, அண்ணே." ஆளை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பு. கேட்காமல் எடுத்த ஒரு வெள்ளைக்காரரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய், கரட் கழுவிக்கொண்டிருந்தவரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார்.

நடை முடிந்ததும் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்காருவோம். தங்கச்சி எல்லோருடைய படங்களையும் லேப்டாப்பில் போட்டுக் காட்டுவார். என் படத்தை நானே பார்ப்பது அங்கேதான். முதல் நாளே என் போட்டோ எல்லாவற்றிலும் ஒரு குறை இருந்தது. இடது ஓரத்தில் யாராவது பாதியாக நிற்பார்கள். குதிரையை எடுத்தால் இடது பக்கம் ஒரு பிள்ளையின் பாதி முகம். கோயில் வாசலை எடுத்தால் இடது பக்கம் ஒருவருடைய தோளும் குடையும்.

"அண்ணே, இவங்கள்லாம் யாரு? டிக்கட் இல்லாம ஏறினவங்களா?" என்றார் தங்கச்சி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. அமுக்குவதற்கு முன் நாலு மூலையையும் பாருங்கள் என்றார். பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். நான் பார்த்தபோது அங்கே ஒருவரும் இல்லை. மூன்றாவது வாரம் நடக்கும்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது. கமராவில்தான் கோளாறு, ஓட்டை சரிந்திருக்கிறது என்று சத்தம் போட்டேன். தங்கச்சி அந்தக் கமராவை வாங்கி, கூட வந்த ஒரு அம்மாவிடம் கொடுத்து, அவருடைய கமராவை எனக்குத் தந்தார். கடையில் பார்த்தோம். செத்த கமராவில் அந்த அம்மா எடுத்த படங்கள் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. நல்ல கமராவில் நான் எடுத்ததில் இடது ஓரத்தில் பாதி நாய்.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் தங்கச்சி என்னை மட்டும் போஸ்ட் ஆபீஸ் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கமராவைக் கண்ணில் வைத்து, கோபுரத்து மணிக்கூட்டை நடுவில் பிடித்து, அசையாமல் நிற்கச் சொன்னார்.

"நான் இடது பக்கமிருந்து மெதுவா நடந்து வர்றேன். தெரிஞ்சதும் சொல்லுங்க."

நின்றேன். மணிக்கூடு தெரிந்தது. கூரை தெரிந்தது. வெறும் ரோடு தெரிந்தது. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

"தங்கச்சி, நீங்க இன்னும் வரலையே?"

"நான் வந்து நின்னு ரொம்ப நேரமாச்சு, அண்ணே."

குரல் பக்கத்தில்தான் கேட்டது. கமராவை இறக்கிப் பார்த்தேன். படத்துக்குள் தாராளமாக வருகிற இடத்தில், கையை உயர்த்திக்கொண்டு நின்றார்.

எங்கள் மலையில் ஒரு பழக்கம் இருக்கிறது. கண்ணுக்கு எது தெரியாவிட்டாலும் பனியைக் குற்றம் சொல்வோம். அந்த வருஷத்தில் மட்டும் வேனின் இடது பக்கக் கண்ணாடியை இரண்டு தரம் உடைத்திருந்தேன். ஒரு தரம் தோட்டத்து வாசல் கேற்றில், இன்னொரு தரம் நின்றுகொண்டிருந்த லொறியில். இரண்டு தரமும் பனி என்று சொன்னேன். கேட்டவர்களும், ஆமாம், நல்ல பனி என்றார்கள். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி முன் கண்ணாடியில் தேய்த்தால் ஈரம் நிற்காது என்பது இங்கே எல்லா டிரைவருக்கும் தெரிந்த வித்தை. நான் வருஷம் முழுக்க உருளைக்கிழங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பனியே இல்லாத ஊரில் இருந்திருந்தால் எப்போதோ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்.

"கண்ணக் காட்டுங்க, அண்ணே. நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றார் தங்கச்சி.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஒங்க கமராவத்தான் கராஜுக்கு அனுப்பணும்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு நானுஓயாவுக்கு இறங்கினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று வாரமாக நான் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தங்கச்சி என் போனுக்கு அனுப்பியிருந்தார். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பகல் சோற்றுக்குப் பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எடுக்கப் போன பொருளைப் பார்க்கவில்லை. இடது ஓரத்தை மட்டும் பார்த்தேன். குடை பிடித்த ஒரு அம்மா. கூட்டுமாறோடு ரோடு கூட்டுகிற ஒருவர். கம்பளித் தொப்பி போட்ட இரண்டு பிள்ளைகள். தலையில் மூட்டையோடு ஒரு பெண், மூட்டை முழுதாகவும் ஆள் பாதியாகவும். அத்தனை பேரும் என் முன்னால் நின்றிருக்கிறார்கள். ஒருவரைக்கூடப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

என் மனைவி எதிரே, எனக்கு இடது பக்கமாக உட்கார்ந்து, கறிக்குப் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் திருப்பினேன். ஒரு இடத்தில் அவள் காணாமல் போனாள். அவள் இருந்த இடத்தில் கறுப்பாக ஒன்றும் தெரியவில்லை. மங்கலும் இல்லை. பச்சைச் சுவர் நல்ல தெளிவாகத் தெரிந்தது. கத்தி பலகையில் படுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"என்னங்க, கண்ணுல தூசா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை பஸ்ஸில் கண் கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, வலது கண்ணில் இடது பக்கப் பார்வையை அரித்துவிட்டது. போனது திரும்பாது. தினமும் சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். இடது கண்ணும் இப்படி இருப்பதால் இனி வண்டி ஓட்டக் கூடாது. கடைசிப் பகுதி மட்டும் எனக்குச் சிங்களம் விளங்காத மாதிரி இருந்துகொண்டேன். என் மனைவிக்கு நன்றாக விளங்கியது. அவள் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். சிங்கள நர்ஸ்மாரோடு பேசிப் பேசி என்னைவிட நன்றாகவே பேசுவாள்.

நான் நிறுத்தவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதிப் பிரயோசனம் இல்லை. மலையில் வேலைக்குப் போகாமல், தோட்டத்து லயத்து வரிசை அறையை விட்டு வெளியே வந்து, வட்டகொடைப் பக்கத்தில் தனி வீட்டில் இருக்கிறோம் என்றால் அது அந்த வேனால்தான். ஊரில் எனக்குப் பெயரே வேன்காரர்தான். அது போய்விட்டால் நான் யார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அதனால் ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டேன். தங்கச்சிக்கு போன் பண்ணி டொக்டர் சொன்னதில் பாதியைச் சொன்னபோது, "எடுக்கிறதுக்கு முன்னாடி கமராவ ஒருக்கா இடது பக்கம் கொண்டு போயிட்டுத் திரும்பி வாங்க, அண்ணே. ஆளு இருந்தா தெரிஞ்சிரும்" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது படத்துக்கு. நான் அதை ரோட்டுக்கு எடுத்துக்கொண்டேன். அடிக்கடி தலையை இடது பக்கம் திருப்பிப் பார்த்து ஓட்டினால் போதும் என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

என் மனைவி சண்டை போடவில்லை. வழக்கமாக ஒன்றுமில்லாததற்கே ஊரைக் கூட்டுகிறவள்.

சனிக்கிழமை காலை நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பியபோது, சேலை மாற்றிக்கொண்டு வந்து முன்சீட்டில், எனக்கு இடது பக்கம், ஏறி உட்கார்ந்தாள்.

"மடுவத்துக்குப் போகலையா?"

"இன்னைக்கு லீவு சொல்லிட்டேன். நீங்க ஓட்டுங்க."

வெயில் நன்றாக ஏறியிருந்தது. பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு ஆட்கள் மலைக்குப் போகிற நேரம். தோட்டத்து ரோடு ஒரு பக்கம் பள்ளம், இடது பக்கம் மண்மேடு. எல்லோரும் மண்மேட்டை ஒட்டித்தான் நடப்பார்கள். நான் மெதுவாக ஓட்டினேன். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். அவள் முன்னால் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தாள்.

"ஆளு."

கொஞ்சத் தூரம் போனதும், "ஆளு" என்றாள். பிறகு, "ரெண்டு பேரு."

"தெரியுது, தெரியுது" என்றேன். முதலாவது ஆளைப் பார்த்திருந்தேன். இரண்டாவதாகச் சொன்னதைப் பார்க்கவில்லை.

"ஆளு. சின்னப் புள்ள ஒன்னு. ஆளு."

அவள் குரலில் கோபம் இல்லை. மடுவத்தில் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு இடாப்பு எடுக்கிறவள் போலச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் தலையைத் திருப்பினேன். சில நேரம் ஆள் தெரிந்தார். சில நேரம் அதற்குள் நாங்கள் தாண்டிவிட்டோம். வளைவு வந்தால் எதிரே வருகிற வண்டிக்காக வலது பக்கம் பார்க்க வேண்டும். அப்போது இடது பக்கம் அவள் குரல் மட்டும்தான். இந்த ரோட்டில் இத்தனை பேர் நடக்கிறார்கள் என்பது பதினாறு வருஷத்தில் எனக்குத் தெரியவில்லை.

கோயிலைத் தாண்டிய வளைவில் நான் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் "ஆளு" என்று சொல்லவில்லை.

"கீழ் லயத்துப் பொண்ணு. இடுப்புல கொழந்த வச்சிருக்கா. நேத்துத்தான் அதுக்கு மொத பல்லு வந்துச்சு."

பிரேக்கில் கால் வைத்தேன். வேன் நின்றது. தலையை முழுதாகத் திருப்பினேன். அவள் சீட்டுக்கு அந்தப் பக்கம், கதவிலிருந்து ஒரு முழத்தில், குழந்தையோடு அந்தப் பெண் மண்மேட்டில் ஒட்டிக்கொண்டு நின்றாள். ரோட்டில் யாரும் இல்லை என்றுதான் நான் வேனை வளைத்திருந்தேன்.

என்ஜினை நிறுத்தினேன். நானுஓயாவில் தெரிந்த ஒரு டிரைவருக்குப் போன் பண்ணி, என் ஆட்களை ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். இன்றைக்கு மட்டுமா என்று கேட்டார். இல்லை, இனி எப்போதும் என்றேன். தங்கச்சிக்கும் சொன்னேன். "அப்ப அடுத்த சனிக்கெழம பஸ்ல வாங்க, அண்ணே. கமரா இருக்கு" என்றார்.

என் மனைவி இறங்கி, அந்தப் பெண்ணிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். மடுவத்துக்கு இன்னும் அரை மைல் இருக்கும். லீவு என்று சொன்னவள், வா, நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று அந்தப் பெண்ணோடு நடந்தாள். நான் வேனை ஓரமாகப் பூட்டிவிட்டுப் பின்னால் போனேன். அந்த ரோட்டில் நான் நடந்து எத்தனையோ காலம். இடுப்பளவு மண்மேடு, அதை ஒட்டி ஒரு ஆள் போகிற அகலம், அவ்வளவுதான்.

பின்னால் ஒரு லொறி வருகிற சத்தம் கேட்டது. முன்னால் போன இருவரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை. ஒரு அடி ஒதுங்கி நடந்துகொண்டே இருந்தார்கள். டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. லொறி தாண்டிப் போகும்வரை மண்ணில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன்.